வெயில் தேசத்துக் கடிதங்கள்

புலம்பெயர் இலக்கியம் என்னும் பிரிவு நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இடம்பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அச்சொல்லைக் கேட்டவுடன் முதுகலை மாணவர் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான்: பனி மூடிய டொராண்டோத் தெரு, கனத்த கம்பளிக் கோட்டு, நள்ளிரவில் ஏதோ ஓர் உணவகத்தின் பின்கட்டில் தட்டுக் கழுவும் இளைஞன். பனியையும் குளிரையும் புலம்பெயர்வின் கருப்பொருளாகவே நாம் இலக்கணம் வகுத்துவிட்டோம். குளிரிலிருந்து வெயிலுக்குப் பெயர்ந்தவர்கள் அவ்விலக்கணத்துள் அடங்குவதில்லை. அவர்களைத் தேடித் தொலைதூரம் போகவும் வேண்டியதில்லை. நீலகிரி மாவட்டத்தில் கூடலூரிலிருந்து தெப்பக்காட்டுக்குப் போகும் பேருந்தில் நம் பக்கத்து இருக்கையில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

இலங்கையின் மலைநாட்டிலிருந்து வந்த 'தாயகம் திரும்பியோர்' பற்றியே பேசுகிறோம். இத்தொடர் அரசு கொடுத்த பெயர். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கங்களில் வழங்கும் பெயர் 'சிலோன்காரர்'. முதற்பெயரில் உபசாரம் மிகுதி, உண்மை குறைவு. ஒருவர் தாம் பிறவாத இடத்துக்கு, தம் தந்தையும் பல வேளைகளில் பிறந்திராத இடத்துக்கு எவ்வாறு 'திரும்ப' இயலும்? அட்டனிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் பிறந்து, தேயிலைச் சரிவுகளில் வளர்ந்து, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுத்தவர்களுக்கு இந்தியா என்பது பாட்டன் சொன்ன கதைகளில் வந்த ஊர். அந்தக் கதைகளில் தவறாமல் வந்தவை இரண்டு: பஞ்சமும் வெயிலும். அவர்களைப் பொறுத்தவரை இந்தியா ஒரு வெயில் தேசம். அத்தேசத்தில் குடியேறியவர்கள் அங்கிருந்து எழுதிய குடும்பச் செய்திகளும், பிற்காலத்தில் விடுமுறைக்கு வந்துபோன உறவுகளும் தமிழ் இலக்கியம் படிப்போர் கவனத்துக்குரியவை என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கருத்து.

வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை; நம் வாசகர் பலரும் அறிந்ததே. 1948 இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும். அப்பிற்பாடு 1974 இல் வந்தது. ஆளுக்குப் பாதி என்று 75,000 வீதம் பிரித்துக்கொண்டனர். பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டங்களைப் பிரிப்பதற்கு இதைவிடக் கூடுதலாக யோசிப்பார்கள். ஒரே லயத்தில், ஒரே கூரையின் கீழ், அண்ணன் இந்தியாவுக்கு விண்ணப்பித்தான், தங்கையின் கணவன் இலங்கைக்கு விண்ணப்பித்தான். மலைநாட்டிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகைவண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வந்தது இதனால்தான். எண்பதுகளின் நடுப்பகுதி வரை, இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்தால், 4,00,000 பேருக்கு மேல் இக்கரைக்கு வந்துசேர்ந்தனர்.

கப்பலில் இறங்கியவுடன் மண்டபம் முகாம். மலைப்பனி பழகிய உடம்புக்கு இராமநாதபுரத்து வெயில். அங்கே 'குடும்ப அட்டை' என்று ஓர் ஆவணம் கொடுத்தார்கள்; பலரைச் சமவெளி மாவட்டங்களுக்கு வியாபாரக் கடனோடு அனுப்பிவைத்தார்கள். தராசு பிடித்தறியாதவன் கையில் மளிகைக்கடைக்கான கடனைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. கடன் கரைந்தது, கடை மூடியது, மக்கள் மலையைத் தேடி நடந்தார்கள். தாயகம் திரும்புவோருக்கு வேலை தருவதற்கென்றே 1968 இல் வனத்துறையின் கீழ்த் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தமிழக அரசு தொடங்கியிருந்தது. பின்னர் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று, சுருக்கமாக 'டான்டீ'. அதில் வேலை கிடைத்தவர்கள் பேறு பெற்றவர்கள். கிடைக்காதவர்கள் கூடலூர்ப் பகுதியின் தனியார் தோட்டங்களிலும் வழக்கில் சிக்கிய நிலங்களிலும் குடிசை போட்டனர்.

தொல்காப்பியம் படித்தவர்க்கு இவ்வரலாறு ஒரு திணைமயக்கமாகத் தோன்றும். குறிஞ்சியிலே பிறந்தவர்கள் பாலைக்குள் தள்ளப்பட்டு, மீண்டும் ஒரு குறிஞ்சியைத் தேடிக் கண்டடைந்தார்கள். பாலையின் உரிப்பொருள் பிரிவு. அதன் பொழுது வேனிலும் நண்பகலும். அப்படியிருக்க, வெயிலும் பிரிவும் ஒருங்கே அமைந்த இத்தனை பெரிய வாழ்வு தமிழகத்துச் சிறுபத்திரிகைகளில் எத்தனை பக்கங்களைப் பெற்றது? மலையகத்தின் உள்ளிருந்து சி.வி. வேலுப்பிள்ளையும் கோகிலம் சுப்பையாவும் தெளிவத்தை ஜோசப்பும் எழுதினார்கள். அவர்கள் எழுதியது பெரும்பாலும் அக்கரை வாழ்வு. கப்பலேறி வந்தபின் நடந்ததை எழுத வேண்டிய பொறுப்பு இக்கரைக்கு இருந்தது. இக்கரை அதைச் சில ஆய்வேடுகளிலும் தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் அடக்கிவிட்டது. இலங்கை இலக்கியம் பேசுவோருக்கு இவர்கள் இந்தியர். தமிழக இலக்கியம் பேசுவோருக்கு இவர்கள் இலங்கையர். ஒப்பந்தம் செய்த வேலையை விமரிசனமும் தன் பங்குக்குச் செய்திருக்கிறது.

ஆயின் அவர்களே எழுதினார்கள். அச்சில் அல்ல, வான்கடிதத்தில்.

சென்ற கல்வியாண்டில் முதுகலை மாணவர்களிடம், வீட்டுப் பரணிலோ தகரப் பெட்டியிலோ கிடக்கும் பழைய கடிதம் ஒன்றைப் பெரியவர்களோடு அமர்ந்து வாசித்துவிட்டு அது பற்றி எழுதி வருமாறு கேட்டிருந்தோம். பலர் வெறுங்கையோடு வந்தனர். சிலோன்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தனர். (கரையான் அரித்தவை, மழையில் ஊறி மை கலைந்தவை, அடுப்புப் புகையில் மஞ்சளித்தவை எல்லாம் அதில் உண்டு.) பெயர்களையோ வாசகங்களையோ இங்கு எடுத்துக்காட்ட நமக்கு உரிமையில்லை. அவற்றின் அமைப்பை மட்டும் கூறலாம்.

நலம், நலமறிய அவா என்று தொடங்கும். உடனே சாவுச் செய்தி. யார், எந்தத் தோட்டத்தில், எத்தனையாம் நாள் காரியம் என்பன. அடுத்துப் பிறப்பு, சமைந்தது, நிச்சயித்தது. அதன்பின் மாடு கன்று போட்டதா என்பது. அரிசி விலை. யாருக்குக் கணக்கு முடித்தார்கள், யாருடைய 'பேர் பதிந்தது' என்பது. மழை அல்லது வெயில். இறுதியில் ஒரு நீண்ட விசாரிப்புப் பட்டியல்: அத்தை, மாமா, சின்னம்மா, பெரியப்பா, மூன்றாம் லயத்துத் தாத்தா, எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும். இப்பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் அடுத்த கடிதத்தில் சண்டை வரும். அதனால் விசாரிப்பு வளர்ந்துகொண்டே போய், உறைமடிப்பின் ஓரத்தில் தலைகீழாகவும் எழுதப்பட்டிருக்கும்.

நண்பர் ஒருவர், நல்ல வாசகர், நவீன கவிதையில் தேர்ந்தவர், இக்கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது? ஒரே வாய்பாடு. யார் எழுதினாலும் ஒரே கடிதம்" என்றார். அவர் கேள்வி நியாயமானதே. புதுமைப்பித்தன் கமலாவுக்கு எழுதிய கடிதங்களையோ வண்ணதாசனின் கடிதங்களையோ மனத்தில் வைத்துக்கொண்டு இவற்றைப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே எழுதுபவர் ஒருவர், வாசிப்பவர் ஒருவர், இருவருக்கிடையே அந்தரங்கம். இங்கே நிலைமை வேறு. சொல்பவர் பாட்டி, எழுதுபவன் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் அல்லது தோட்டப் பள்ளி ஆசிரியர். போய்ச்சேரும் இடத்திலும் ஒருவர் வாசிக்க, லயத்து வாசலில் பத்துப் பேர் கேட்பார்கள். அந்தரங்கம் என்பதற்கே இடமில்லாத ஒரு வடிவம் இது. வாய்பாடு ஏன் தேவைப்பட்டது என்பது இதிலிருந்து விளங்கும். வில்லுப்பாட்டுக்காரன் தேர்ந்த தொடர்களை வைத்துக்கொண்டு கதை சொல்வதைப் போல, குடும்பம் முழுவதும் கூடிச் சொல்லும் செய்திக்கு ஒரு நிலைத்த சட்டகம் வேண்டியிருந்தது. அச்சட்டகத்தில் ஒரு சொல் மாறினால் கேட்பவர்க்கு உடனே தெரிந்துவிடும். செய்தியே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

ஒரு கட்டில் நான்கு கடிதங்கள் அடுத்தடுத்து இருந்தன. எழுதி அனுப்பியவை, அக்கரையிலிருந்த தங்கை இறந்தபின் மீண்டும் இக்கரைக்கே வந்துசேர்ந்தவை. முதலாவது மண்டபத்திலிருந்து. இரண்டாவது புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து. கடை வைத்திருக்கிறோம் என்கிறது, என்ன கடை என்று சொல்லவில்லை. மூன்றாவதில் நலம் உண்டு, பிள்ளைகளின் படிப்பு உண்டு, வெயில் உண்டு, கடை இல்லை. நான்காவதன் முகவரி கூடலூர். அவ்வளவுதான். கடன் வாங்கியது, கெட்டது, பாத்திரம் விற்றது, நடந்தது, யாரோ ஒரு கங்காணி வழியில் அகப்பட்டு மலையேறியது ஆகிய அனைத்தும் இரண்டாவது கடிதத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே கிடக்கின்றன. அக்காவின் சங்கடத்தைத் தங்கை கேட்காமலே அறிந்துகொண்டிருப்பாள். கேட்டிருந்தால் அடுத்த கடிதமே வந்திராது. சொல்லாமை வழியாகச் சொல்லுதலைச் சங்கப் பாடல்களில் விளக்க நாம் எத்தனை வகுப்புகள் எடுக்கிறோம்! அதே உத்தியைப் பள்ளிப் படிப்பில்லாத ஒரு மூதாட்டி கையாண்டால் அதற்கு 'வாய்பாடு' என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

இன்னொரு கட்டு பற்றியும் சொல்ல வேண்டும். 1983 ஆடிக் கலவரத்தை ஒட்டிய மாதங்களில் திக்கோயாப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள். கலவரம் என்ற சொல்லே அவற்றில் இல்லை. மழை அதிகம், வெளியே போவதில்லை, வெளுத்ததும் எழுதுகிறோம் என்ற பொருளில் திரும்பத் திரும்ப மழை வருகிறது. கடிதங்கள் பிரித்துப் பார்க்கப்படலாம் என்னும் அச்சத்தில் எழுதப்பட்ட குழூஉக்குறி இது என்று எம் மாணவி வாதிட்டாள். மற்றொருவன், அந்தப் பக்கத்தில் ஆடி ஆவணியில் தென்மேற்குப் பருவமழை உண்மையாகவே கொட்டும், இதில் குறி ஒன்றுமில்லை என்றான். இருவர் கூற்றும் பொருந்துகிறது. உண்மையாகவே மழை பெய்யும் மாதத்தில்தான் மழையை மறைசொல்லாக வைக்க முடியும். வகுப்பில் நாம் மாணவியின் பக்கமே நின்றோம். ஏனெனில் மற்ற ஆண்டுகளின் ஆடி மாதக் கடிதங்களும் அதே கட்டில் இருந்தன. அவற்றில் மழை ஒரு வரிக்கு மேல் நீளவில்லை.

கூதிர் நடுக்கத்தில் மதுரைத் தெருவில் நின்று, ஊரிலிருக்கும் மனைவிக்கு நாரையின் வழியாகச் செய்தி அனுப்பிய சத்திமுத்தப் புலவரை நினைத்துப் பார்க்கலாம். அப்பாடலின் பொருளைச் சுருக்கினால் எஞ்சுவது என்ன? நான் இங்கே இப்படி இருக்கிறேன், கண்டதைச் சொல்லிவிடு என்னும் ஒரு குடும்பச் செய்திதான். நாரைக்குப் பதில் இவர்களுக்கு அஞ்சல்காரர் வாய்த்தார். புலமை வேறு என்பதை நாம் மறுக்கவில்லை. எல்லாக் கடிதத்தையும் இலக்கியம் என்று சொல்லிவிடும் இரக்கத்தால் யாருக்கும் பயனில்லை. கட்டுகளில் பெரும்பகுதி அலுப்பூட்டுவதே. ஆனால் அலுப்பூட்டும் பகுதியோடு சேர்த்துப் படித்தால்தான் அந்த ஒரு மழையும் அந்த ஒரு கடையும் கண்ணில் படும்.

கடிதம் போகாத இடத்துக்கு வானொலி போயிற்று. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை நம் தலைமுறைத் தமிழகத்தார் திரைப்பாடல்களுக்காக நினைவுகூர்வர். சிலோன்கார வீடுகளில் அதைக் கேட்டது வேறொன்றுக்காக: பிறந்தநாள் வாழ்த்துக்காகவும் மரண அறிவித்தலுக்காகவும். எந்த ஊர், எந்தத் தோட்டம், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மாமனார் என்று உறவுமுறை வரிசையாக வாசிக்கப்படும். ஒலி இழுத்து இழுத்து வரும் மலைச்சரிவுகளில், அந்த வரிசையில் தமக்குத் தெரிந்த தோட்டப்பெயர் ஒன்று விழுகிறதா என்று காத்திருப்பார்கள். சில சாவுகள் கடிதத்துக்கு முன்னரே இவ்வாறு வந்துசேர்ந்தன என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சாவைச் சுவரில் தொங்கும் பெட்டியிலிருந்து கேட்டு, அடக்கத்துக்குப் போக வழியில்லாமல், அன்று மாலையே தேயிலைக் காட்டுக்கு நடுவில் ஒப்பாரி வைத்த பெண்களின் கதையை எவரேனும் எழுதியிருந்தால் அன்பர்கள் நமக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி விடுமுறைக்கு வருவோம். இவ்விடத்தில்தான் தெப்பக்காடு வருகிறது.

இராமேசுவரம் தலைமன்னார்க் கப்பல் எண்பதுகளின் நடுவில் நின்றபின் நெடுங்காலம் போக்குவரத்து இல்லை. போர் முடிந்தபின், அதிலும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், அக்கரைப் பிள்ளைகள் ஆசிரியராகவும் கொழும்பில் கடை ஊழியராகவும் வளைகுடாவில் வேலையாளாகவும் ஆகிக் கையில் சிறிது காசு சேர்ந்தபின், உறவு தேடி வரத் தொடங்கினர். பெரும்பாலும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் வருவார்கள். திருச்சியில் இறங்கி, கோயம்புத்தூர் வழியாக மலையேறி, ஐம்பது ஆண்டுகளாகப் புகைப்படத்தில் மட்டும் கண்ட அத்தையின் வீட்டு வாசலில் நிற்பார்கள். முதல் நாள் அழுகை. இரண்டாம் நாள் மாரியம்மன் கோயில். மூன்றாம் நாள் என்ன செய்வது? எல்லா வீட்டிலும் ஒரே விடை: தெப்பக்காட்டுக்குப் போய் யானை பார்ப்பது.

கூடலூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். மைசூர்ச் சாலையில் முதுமலைக் காட்டுக்குள் இறங்கினால் மழை குறைந்து வெயில் ஏறும். கூடலூரின் ஈரமும் அட்டையும் பின்தங்கி, இலையுதிர் காடும் மூங்கிலும் வரும். மாயாற்றங்கரையில் ஒரு நூற்றாண்டைக் கடந்த யானை முகாம். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து உருட்டிய கவளங்களைப் பாகன்களும் காவடிகளும் யானைகளின் வாயில் ஊட்டுவதைக் கம்பிக்கு வெளியே நின்று பார்க்கலாம். 2023 மார்ச்சில் 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் ஆஸ்கர் பெற்றபின் கூட்டம் மிகுந்தது. காட்டுநாயக்கத் தம்பதியர் பொம்மனும் பெள்ளியும் உலகப் புகழ் பெற்றனர். இது குறித்து ஏற்கனவே போதிய அளவுக்கு எழுதப்பட்டுவிட்டதால் விட்டுவிடுகிறோம்.

நாம் சொல்ல வருவது கம்பிக்கு வெளியே நிற்கும் கூட்டத்தைப் பற்றி. நுவரெலியாவின் தேயிலைச் சரிவுகளில் சிறுத்தை உண்டு, யானை அரிது. ஆகவே அக்கரை உறவுக்கு இது வியப்பு, கைப்பேசியில் படம், சிரிப்பு. அழைத்துவந்த இக்கரை உறவுக்கோ யானை என்பது இரவில் சமையற்கட்டுச் சுவரைத் தள்ளிவிட்டு அரிசி மூட்டையை இழுக்கும் உருவம். விடியற்காலையில் வேலைக்குப் போகும் வழியில் மூடுபனிக்குள் நிற்கும் அச்சம். கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் யானையால் ஓர் உயிர் போனதென்ற செய்தி இல்லாமல் ஆண்டு கழிவதில்லை. ஆனாலும் விருந்தினரைக் கூட்டிவந்து காட்டும்போது அத்தை யானைக் கவளத்தைப் பற்றித்தான் பேசுகிறாள். அடுத்த லயத்தில் நடந்த சாவைப் பற்றிப் பேசுவதில்லை. பழைய கடிதத்தில் கடையைப் பற்றி எழுதாமல் விட்டது போலவே இதுவும். எழுதப்பட்ட காலத்திலும் பேசப்படும் காலத்திலும் ஒரே ஒழுக்கம்: வெயில் தேசத்தில் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளல்.

இவ்வொழுக்கத்தைப் போலிமை என்று சிலர் கூறக்கூடும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் எந்தத் தமிழனும் இதைத்தான் செய்கிறான். குவைத்து அறையில் ஆறு பேரோடு படுத்துறங்குவதைச் சொல்லாமல் வாசனைத் திரவியத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கிறான். ஆனால் அவனைப் புலம்பெயர்ந்தவன் என்று ஏற்கும் நாம், அத்தையை அவ்வாறு ஏற்பதில்லை. அவள் 'திரும்பி'விட்டாள் அல்லவா! ஆண்டுதோறும் சனவரி 12 அன்று தமிழக அரசு அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறது, நல்லதே. அந்த மேடையில் அக்கரை மலையகத்தாருக்கு நாற்காலி உண்டு. அவர்களுடைய அத்தைமார்களுக்கு எந்த நாளும் கிடையாது.

இவ்வுறவு எத்துணை உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையில், மீரியபெத்தைத் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. கூடலூர்ப் பகுதியில் அன்று பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. தொடர்பு கிடைக்கும் வரை தொலைபேசியை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். 2024 சூலை 30 அன்று எல்லைக்கு அப்பால் வயநாட்டுச் சூரல்மலையும் முண்டக்கையும் சரிந்தபோது, அழைப்பு மறுதிசையிலிருந்து வந்தது. தொலைக்காட்சியில் தேயிலையையும் லயத்தையும் சேற்றையும் கண்ட அக்கரை உறவுகள், மாவட்டமும் மாநிலமும் பாராமல், இருக்கிறீர்களா என்று கேட்டன. இரண்டு மலைகளிலும் மண் சரிவது ஒன்றுபோலவே. லயம் கட்டிய முறையும் ஒன்றுபோலவே. புலம்பெயர் இலக்கியத்தின் பாடப்பகுதியில் இதற்கு ஓர் அலகு ஒதுக்கினால் என்ன?

அலகு ஒதுக்குவதற்குள் மூலமே அழிந்துவிடும் என்பதுதான் நம் கவலை. 2022 இல், நட்டத்தையும் ஆட்குறைவையும் காரணம் காட்டி, தேயிலைத் தோட்டக் கழகத்தின் நிலத்தில் 2,152 எக்டேரை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசு ஆணை பிறந்தது. காடு மீள்வதை நாம் வரவேற்கிறோம்; முதுமலையை ஒட்டிய மலைகளில் காடு மீண்டால் யானைக்கும் நல்லது, மனிதனுக்கும் நல்லது. ஆயினும் அந்நிலத்தில் தேயிலை மட்டும் இருக்கவில்லை. ஓய்வு பெற்றவர்களின் லயக் குடியிருப்பு என்னாகும் என்ற கேள்வி எழுந்தது, போராட்டம் நடந்தது, மாற்று வீடு பற்றிய அறிவிப்புகளும் வந்தன. வீடு மாறும்போது தகரப் பெட்டிகள் என்னாகும் என்று எவரும் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். பழைய காகிதம் எடைக்குப் போகும். அல்லது குளிர்காயப் பயன்படும். நான்கு கடிதங்கள் பற்றி மேலே சொன்னோமே, அவையும் விறகு பற்றவைக்க எடுக்கப்பட்டு மீண்டவை.

இது வெறும் இலக்கிய ஏக்கமும் அன்று. எம் மாணவர் ஒருவர் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார். பாட்டனின் பூர்வீக ஊருக்கு ஆதாரம் கேட்டனர். எந்த அலுவலகம் என்பது இங்கு வேண்டாம். குடும்ப அட்டை எப்போதோ தொலைந்திருந்தது. வீட்டிலிருந்தது, பூர்வீக ஊரிலிருந்த பங்காளி ஒருவர் 1969 இல் அக்கரைக்கு எழுதிய ஒரு கடிதம். ஊர், வட்டம், அஞ்சல் எல்லாம் முத்திரையோடு அதில் இருந்தன. அதிகாரி அதைச் சான்றாக ஏற்கவில்லை. கடிதம் சான்றாகாது என்பது விதி. ஒரு குடும்பம் தான் இன்ன இடத்தைச் சேர்ந்தது என்பதற்கு வைத்திருந்த ஒரே எழுத்து, இலக்கியத்துக்கும் ஆகாது, அலுவலகத்துக்கும் ஆகாது என்றால், அது எங்கேதான் போய் நிற்பது?

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கது எளியது, செலவும் குறைவு. கோவை, நீலகிரி மாவட்டக் கல்லூரிகளில் சிலோன்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இளங்கலை இறுதியாண்டில் எப்படியும் ஒரு களப்பணி ஏடு எழுதவேண்டியிருக்கிறது. அதற்கு நாட்டுப்புறத் தெய்வங்களையே மீண்டும் மீண்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பதிலாக வீட்டுக் கடிதங்களைப் படியெடுக்கச் சொல்லலாம். படியெடுத்தல் என்றால் கைப்பேசியில் படம் பிடிப்பது மட்டும் அன்று. பாட்டியை அருகில் அமர்த்தி, இந்த 'மூன்றாம் லயத்துத் தாத்தா' யார், இந்த வரியை ஏன் அடித்தீர்கள் என்று கேட்டு, குறிப்பெழுதிச் சேர்ப்பது. மலைநாட்டு மக்கள் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை ஒற்றை ஆளாகத் தொகுத்தார். ஒரு துறையே சேர்ந்தால் ஒரு மாவட்டத்துக் கடிதங்களைத் தொகுக்க முடியாதா? மூலத்தைப் பறித்துக்கொண்டு போய் ஆவணக்காப்பகத்தில் பூட்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. கடிதம் வீட்டிலேயே இருக்கட்டும். படியின் ஒரு பிரதி அக்கரை உறவுக்கும் போகட்டும்.

காலம் மாறிவிட்டது, இப்போது எல்லாம் வாட்ஸ்அப் குரல் செய்தி என்று மாணவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். ஆயினும் அந்தக் குரல் செய்திகளைக் கேட்டுப் பாருங்கள். நலம், சாவு, பிறப்பு, விலைவாசி, மழை, விசாரிப்பு என்னும் வரிசை அப்படியே இருக்கிறது. சென்ற சித்திரையில் வந்து திரும்பிய அக்கரைப் பெண் ஒருத்தி, ஊர் போய்ச் சேர்ந்ததும் அனுப்பிய ஆறு நிமிடக் குரல் செய்தியை, வீட்டார் இசைவோடு எம் மாணவி வகுப்பில் ஒலிக்கவிட்டாள். தெப்பக்காட்டு யானைகளுக்கு அதில் அரை நிமிடமும் ஒதுக்கப்படவில்லை. திரும்பும் வழியில் பேருந்தில் முன் இருக்கைக் கிழவிகள் இருவர் கொழுந்துக் கணக்கைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டு வந்ததைத்தான் நீட்டிச் சொன்னாள். 'பெரட்டு' என்கிறார்கள், 'தொங்கல்' என்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டால் நம் டிவிசன் மாதிரியே இருக்கிறது என்றாள். பின்பு அத்தை, மாமா, பக்கத்து வீட்டுச் சின்னம்மா என்று பெயர் பெயராக விசாரிக்கத் தொடங்கினாள்; மணி அடித்துவிட்டது.